குடை வைத்த சீட்டு

எல்கடுவ போகும் பஸ்ஸில் பார்த்த அந்த நரைத்த தாடிக்காரர், மடியில் லேப்டாப்பை வைத்து கட்டளைகளைப் படித்து இயக்கும் யூனிக்ஸ் ஷெல் நிரலில் ஒரு பிழையைத் திருத்திக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டில் பூப்போட்ட குடை. குடை வைத்திருந்தால் ஆள் வரும் என்று அர்த்தம். நான் நின்றுகொண்டே வந்தேன்.

"என்ன பிழைங்க?" என்றேன்.

"மேற்கோள் குறிக்குள்ள ஒண்ணுமே இல்லாட்டியும் அது ஒரு சொல்லுதாங்க. ஷெல் கட்டளை வரிய சொல்லு சொல்லா பிரிக்கிறப்ப அத விட்டுருது. பின்னால உள்ள சொல்லு அந்த எடத்துல வந்து உக்காந்துக்குது."

"குடைக்காரங்க எங்க ஏறுவாங்க?"

"சம்சாரத்தோட குடைங்க. அவ இனி ஏற மாட்டா. நீங்க உக்காருங்க."

லேப்டாப்பை மூடிவிட்டுக் குடையை மடியில் எடுத்துக்கொண்டார். நான் சீட்டின் விளிம்பில் உட்கார்ந்தேன். இறங்கும்வரை அவரும் என்னை உள்ளே தள்ளி உட்காரச் சொல்லவில்லை.