ஏழாம் நம்பர் கம்ப்யூட்டர்

சித்தி பேசிக் கேட்டு வெகுகாலம் ஆகிறது. எனக்குத் தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் கூட்டத்தில் யாராவது அவளைப் போலச் சிரித்தால் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

அம்மாவின் தங்கை அவள். எங்கள் வீட்டில் தங்கி நர்ஸ் வேலைக்குப் போய்வந்தாள். அவர்களுடைய தம்பியான என் மாமா, ஆம்பூரில் ஒரு பிரியாணிக் கடையின் மாடியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். நான் எட்டாம் வகுப்பு. பள்ளி விட்டால் அங்கேதான் கிடப்பேன்.

கரண்ட் போனால் பேட்டரி அதிக நேரம் தாங்காது. வேண்டாததை அணைக்க, எந்தெந்தக் கம்ப்யூட்டர் ஓடுகிறது என்று இருந்த இடத்திலிருந்தே பார்க்க மாமா ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தார். அது நெட்வொர்க்கில் ஒவ்வொன்றையும் கூப்பிட்டு, பதில் சொன்னதன் எண்ணை மட்டும் திரையில் காட்டும். ஏழு ஒருநாளும் வந்ததில்லை. அது இருந்த தனி அறையின் கதவில் ‘ரிப்பேர்’ என்று அட்டை தொங்கியது.

“ஏழு இன்னாத்துக்கு மாமா வர மாட்டேங்குது?”

“அது பேஜாரு புடிச்ச கேஸுடா. நீ கைய வெக்காத.”

அதைச் சரிசெய்ய மாமாவுக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை மதியம் அவர் சாப்பிடப் போனபோது ஏழாம் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். நன்றாகவே ஓடியது. ஸ்கிரிப்ட் ஆறோடு நின்றுவிடுகிறதோ என்று பார்த்தேன். ஏழையும் கூப்பிடத்தான் செய்தது. ஆறின் கேபிளை இதற்கு மாற்றினேன், பயனில்லை. கடைசியில் ஃபயர்வாலைப் பார்த்தேன். மற்ற ஆறிலும் அணைத்திருந்தது, இதில் மட்டும் போட்டிருந்தது. வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாமல் அதுதான் தடுத்திருக்கிறது. அணைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல வந்து உட்கார்ந்தேன்.

சாயங்காலம் நான் விளையாடிவிட்டு வந்தபோது மாமா ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போயிருந்தார். அப்பா என்னை அழைத்துப்போக வந்தார். என் சாமர்த்தியத்தைக் காட்ட ஸ்கிரிப்டை ஓடவிட்டேன். ஏழு வந்தது.

“அப்பா, ஏழு ரெடியாய்டுச்சு! நான்தான் சரி பண்ணேன்!”

“சாத்துன ரூம்ல யாருடா போட்டது?”

அப்பா போய்க் கதவைத் தள்ளினார். உள்ளே காதில் ஹெட்போனோடு சித்தி. திரையில் விட்டுவிட்டு அசையும் ஓர் ஆணின் முகம். அப்பா குரலை உயர்த்தவில்லை. “கௌம்பு” என்று மட்டும் சொன்னார்.

அந்த முகம் வாணியம்பாடிக்காரர் ஒருவருடையது, துபாயில் வேலை, வேறு மதம் என்பதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் பெரியவர்கள் பேசிக்கொண்டதில் பிறகு காதில் விழுந்தது. அடுத்த மாதமே சித்தியை நெமிலியில் கட்டிக்கொடுத்தார்கள். அதன்பின் அவள் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

அன்று பைக்கில் அப்பாவுக்கும் சித்திக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். வழி நெடுக நான்தான் கேபிளை மாற்றியதையும் ஃபயர்வாலைப் பிடித்ததையும் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டு வந்தேன்.

சித்தி என் தலையில் கைவைத்தாள். “கெட்டிக்காரன்டா நீ” என்றாள்.

வீடு வந்து சேரும்வரை எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.