குனிந்தவர்கள்

தஞ்சாவூரில் ஒரு சின்ன கம்பெனியில் நான்கு வருஷம் வேலை பார்த்தேன். நெல்வயலில் தானாகவே ஊர்ந்து களையெடுக்கும் ரோபோவைச் செய்துகொண்டிருந்தோம். மனிதர்களிடம் அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற விதிகளை எழுதுவது என் பொறுப்பு. எதிரில் ஆள் தென்பட்டால் நின்றுவிட வேண்டும் என்பது முதல் விதி. அதை எழுதிய அன்று எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

ஆள் என்றால் யார் என்று அதற்குக் கற்றுக்கொடுக்கப் படங்கள் வேண்டும். நாங்களே அதன் முன்னால் நின்றோம், நடந்தோம், குடை பிடித்தோம், வேட்டியை மடித்துக் கட்டி ஓடினோம். ஒவ்வொரு முறையும் நின்றது. கைதட்டினோம்.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு விவசாயியின் குறுவை வயலில் அதைச் செய்துகாட்டப் போனோம். அதே வயலின் மறுபாதியில் ஏழெட்டுப் பெண்கள் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கம்பெனி முதலாளி வரப்பிலிருந்து இறங்கி எந்திரத்தின் முன்னால் போய் நின்றார். அது நின்றது.

“பாத்தீங்களா, மனுஷங்களுக்கு மரியாதை குடுக்கத் தெரியும் இதுக்கு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

கடைசி வரிசையில் சேறு ஆழம். சக்கரம் வழுக்கி, எந்திரம் மறுபாதிக்குள் திரும்பிவிட்டது. அங்கே ஒரு பெண் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார். அவசரத்துக்கு நிறுத்தும் பொத்தான் என் கையில்தான் இருந்தது. நான் அழுத்தவில்லை. நின்றுவிடும் என்று நம்பினேன். நான் எழுதிய விதியல்லவா. அவர் அலறிய பிறகுதான் அழுத்தினேன்.

பக்கத்தில் நின்ற பெண்கள் அவரைத் தூக்கி வரப்பில் கிடத்தினார்கள். வலது பாதம் கிழிந்திருந்தது. ஒருத்தி என்னைப் பார்த்துக் கத்தினாள்: “ஏம்மா, அவருக்கு நின்னுச்சே, எங்களுக்கு ஏன் நிக்கல?”

“குனிஞ்சிருந்தாங்க... அதான் ஆளுன்னு தெரியல” என்று உளறினேன்.

“களை பறிக்கிறவ நிமிந்துகிட்டா பறிப்பா?”

என் அம்மாவும் களை பறித்தவர்தான். நான் காலேஜ் முடிக்கும்வரை பறித்தார். ஆயிரக்கணக்கான படங்கள் எடுத்தோமே, ஒன்றுக்குக்கூட நான் குனியவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். அவர் திட்டவில்லை. “நீதானா பாப்பா அந்த மிஷின செஞ்சது?” என்றார். தலையாட்டினேன்.

“எந்த ஊரு?”

ஊரைச் சொன்னேன்.

“அம்மா என்ன செய்யறாங்க?”

“வீட்டுலதாங்க இருக்காங்க.”

அது பொய் இல்லை. அம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை. ஆனால் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று ஏன் வரவில்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

ஆபீஸில், குனிந்து வேலை செய்பவர்களைப் படமெடுத்து முதலிலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டும் என்றேன். மாதக்கணக்கில் ஆகும் என்றும் சொன்னேன்.

“அவ்ளோ நாள் தாங்காதும்மா. வேற வழி சொல்லுங்க” என்றார் முதலாளி. பிறகு அவரே சொன்னார்: “மிஷின் ஓடறப்ப யாரும் வயல்ல இறங்கக் கூடாதுன்னு போட்டுடுவோம். நல்ல தமிழ்ல நீங்களே எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தேன். மஞ்சள் ஸ்டிக்கரில் அச்சடித்து எந்திரத்தின் நெற்றியில் ஒட்டினார்கள். எந்திரத்துக்கு எழுதிய விதியை அந்தப் பெண்களின் தலையில் கட்டினேன். அதற்குப் பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் அங்கேயே வேலை பார்த்தேன்.

அந்த விவசாயி எந்திரத்தை வாங்கிக்கொண்டார். அடிபட்டவரால் அதன்பிறகு சேற்றில் கால் ஊன்ற முடியவில்லை. மற்ற பெண்களையும் விவசாயி களைக்குக் கூப்பிடுவதை விட்டுவிட்டார். அடுத்த குறுவையில், எந்திரம் எப்படி ஓடுகிறது என்று கேட்க அவருக்குப் போன் செய்தேன்.

“ஜோரா ஓடுதும்மா. நீங்க எழுதியிருக்கிறபடியே ஒருத்தரையும் உள்ள விடறதில்ல” என்றார்.

நன்றி சொல்லிப் போனை வைத்தேன்.