தவளையின் இதயமும் போர்த் தண்ணீரும்

1986 ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்தேன். வெந்நீர்ப் பானையின் அடியில் படிந்த வெள்ளைப் பொருக்கைச் சுரண்டினேன். ஏழே முக்காலுக்குக் காரிமங்கலம் பஸ். எட்டு நாற்பதுக்குப் பள்ளியில் கையெழுத்து. அன்று கல்வி ஆய்வாளர் பள்ளிக்கு வரும் நாள். நாட்குறிப்பின் மீதிப் பக்கத்தைக் காலியாக விட்டிருந்தேன்.

அதை நிரப்ப ஏழு வாரம் காத்திருந்தேன். ஜூனில் பிளஸ் டூ மாணவர்களுக்குத் தசைப் பாடம் எடுத்தபோது ட்ரோபோனின் என்ற புரதத்தைப் பற்றிச் சொன்னேன். கால்சியம், அதாவது சுண்ணாம்புச் சத்து, வந்து அதைப் பற்றிக்கொண்டால்தான் அது வழிவிடும், வழிவிட்டால்தான் தசை சுருங்கும், இதயமும் அப்படியே. அதை உண்டாக்கும் மரபணு நம் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. அதன் உறவுப் புரதமான கால்மோடுலின் எல்லா செல்லுக்குள்ளும் வேலை பார்க்கிறது. கல்லூரி நூலகத்தில் நான்கு சனிக்கிழமை உட்கார்ந்து எடுத்த குறிப்புகள் இவை.

மூத்த விலங்கியல் ஆசிரியர் என் பாடக் குறிப்பேட்டை வகுப்பிலேயே வாங்கி, அந்தப் பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையால் கோடு போட்டார். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:

"சுண்ணாம்பு வெத்தலைக்குத்தானுங்க டீச்சர். இதயத்துக்குத் தடவுறதில்லீங்க."

நாற்பத்திரண்டு பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த வாரம் அந்த வகுப்பே அவருக்குப் போனது. எனக்கு ஆறாம் வகுப்பு அறிவியல்.

வருடா வருடம் பள்ளி போர்வெல்லிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் உப்பைக் கரைத்து, அதில்தான் தவளை இதயத்தைத் துடிக்க வைத்துக் காட்டுவோம். இம்முறை ஆய்வாளர் பார்வைக்குக் கண்ணாடிக் கிண்ணத்தில் பொருக்கு படியக் கூடாது என்று, மூத்த ஆசிரியர் பேட்டரிக் கடையிலிருந்து ஒரு கேன் காய்ச்சி வடித்த நீர் வரவழைத்தார். வெள்ளிக்கிழமையே கேனைப் பார்த்துவிட்டேன். அந்த நீரில் கால்சியம் துளியும் இராது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காக இன்றும் வருத்தமில்லை.

பதினொன்று பத்துக்கு, பிளஸ் டூ பிள்ளைகள் முன்னால், தவளை இதயத்தைக் கிண்ணத்தில் இட்டார். அழகாகத் துடித்தது. பிறகு தளர்ந்தது. பதினொன்றரைக்கு நின்றுவிட்டது. கிழட்டுத் தவளை என்றார். இரண்டாவதை எடுத்தார். அதுவும் நின்றது. அவர் சட்டையின் முதுகு நனைந்திருந்ததையும் குறித்து வைத்திருக்கிறேன்.

வேறு யாராவது செய்து பார்க்கிறீர்களா என்று ஆய்வாளர் கேட்டார். ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்த கடைசி வரிசையிலிருந்து நான் எழுந்து போனேன். குழாயைத் திறந்து குடுவையில் பிடித்து, உப்பை நிறுத்துப் போட்டுக் கலக்கினேன். பழைய நீரைக் கொட்டிவிட்டு இதை ஊற்றினேன். சற்று நேரத்தில் இதயத்தின் ஓரம் அசைந்தது. பிறகு முழுதும் துடித்தது.

ஆய்வாளர் குனிந்து பார்த்தபடி கேட்டார்: "என்னம்மா கலந்தீங்க?"

"ஒண்ணுமில்லீங்க சார், உப்புத்தான். மிச்சமெல்லாம் நம்மூரு போர்த் தண்ணிங்க. அதுல சுண்ணாம்பு இருக்குதுங்க. இதயத்துக்கு அது வேணுமுங்க."

மூத்த ஆசிரியரைப் பார்த்துத்தான் சொன்னேன். இந்த முறை பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. மாலை நாலு மணிக்குத் தலைமை ஆசிரியர் கால அட்டவணையைத் திருத்தினார். பிளஸ் டூ திரும்ப எனக்கு வந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். மறுநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதல் வேலையாக வெற்றிலைக் கடையில் ஒரு பொட்டலம் சுண்ணாம்பு வாங்கி, ஆசிரியர் அறையில் அந்த மூத்த ஆசிரியரின் மேசை நடுவில் வைத்தேன்.