இசக்கியின் எட்டு சன்னல் வீடு

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எழுதி என்ன கிழிக்கப் போகிறோம் என்று இரண்டு முறை போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். சரி, சொல்லித் தொலைக்கிறேன்... என் நண்பன் இசக்கி மூன்று வருடமாகச் சேர்த்த நாணயங்களைத் திருடி விற்றவன் நான்தான்!

உண்டியலை உடைத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். போனில் ஆடும் விளையாட்டு அது. மீன் பிடித்து, மரம் வெட்டி, நாணயம் சேர்த்து, அந்த உலகத்திலேயே ஒரு தீவு வாங்கி வீடு கட்டலாம். அந்த நாணயத்துக்கு வெளியே ஒரு வடாபாவ் கூடக் கிடைக்காது. கிடைக்கக் கூடாது என்பதுதான் கம்பெனியின் சட்டம். நிஜப் பணத்துக்கு விற்றால் கணக்கையே மூடிவிடுவார்கள்.

ஆனால் வாங்க ஆள் இருக்கிறதே! மரம் வெட்டப் பொறுமையில்லாத பணக்காரப் பிள்ளைகள்... என் நாணயங்களை அவ்வப்போது அவர்களிடம் தள்ளிவிட்டு ரீசார்ஜ் செய்துகொள்வேன்.

இசக்கி விற்கமாட்டான். தாராவியில் தோல் பை செய்யும் பட்டறையில் அவனுக்கு வேலை. ஒரே அறையில் ஆறு பேரோடு குடியிருக்கிறான். அந்த அறைக்குச் சன்னல் கிடையாது.

"ஏலே, விக்கதுக்கா மரம் வெட்டுதேன்? வீட்டுக்கு எட்டு சன்னல் வைக்கணும். எல்லாம் கடலப் பாத்து" என்பான்.

"எட்டையும் தொடைக்க ஆள் வேணும்லா சேட்? என்னைய வேலைக்கு வச்சுக்கோ."

"ஒனக்கு வாட்ச்மேன் வேலதாம்ல!"

பட்டறையில் அவன் கையெல்லாம் பசையாக இருக்கும். போனைத் தொட முடியாது. அதனால் தினமும் கிடைக்கும் இலவசப் பரிசை, அவன் பேரில் உள்ளே நுழைந்து நான்தான் எடுத்து வைப்பேன். பாஸ்வேர்டை அவனே கொடுத்திருந்தான். எங்கள் கூட்டத்தில் அது பழக்கம்.

நெருள் பக்கத்திலிருந்து, முகம் தெரியாத ஒருவன் நாற்பது லட்சம் நாணயம் கேட்டான். ஆறாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னான். என்னிடம் ஏது அவ்வளவு? இசக்கியிடம் இருந்தது...

நேராகக் கொடுத்தால் கம்பெனி கண்டுபிடித்துவிடும். அதற்கு ஒரு தந்திரம் உண்டு. விளையாட்டுச் சந்தையில் வாங்குகிறவன் ஒரு துருப்பிடித்த ஆணியை நாற்பது லட்சம் விலை போட்டு வைப்பான். நாணயம் விற்கிறவன் அந்த ஆணியை வாங்க வேண்டும். பார்க்கிறவனுக்கு, எவனோ ஒரு பைத்தியக்காரன் ஆணி வாங்கினான், அவ்வளவுதான்!

வாங்கினேன். இசக்கியின் பேரில். மாட்டுங்காவில் ரயிலுக்குக் காத்திருந்த நேரத்தில்.

பிறகு சேர்த்து வைத்துவிடலாம் என்று நினைத்தேனா? நினைத்ததாக இப்போது சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் அப்போது என் மனதில் இருந்தது ஒரு ஜோடி ஷூ!

நெருள்காரன் ஒரு ரூபாய் கூட அனுப்பவில்லை. என் நம்பரையும் பிளாக் செய்துவிட்டான். துரோகி! நம்பினேனே அவனை... எத்தனை நாள் பொருமினேன் தெரியுமா? யாரிடம் போய் முறையிடுவது? திருடியதை இன்னொரு திருடன் கொண்டுபோய்விட்டான் என்றா?

மூன்றாம் நாள் கம்பெனி ஆணித் தந்திரத்தைக் கண்டுபிடித்து இசக்கியின் கணக்கை மூடியது. நிரந்தரமாக.

நான் மொபைல் கவர் விற்கும் கடைக்கு அவன் பசைக் கையோடு ஓடி வந்தான்.

"நான் விக்கவே இல்லன்னு கம்பெனிக்கு இந்தில எழுதிக் கேட்டேம்ல. நீதான் வித்தேங்கான்... நானா வித்தேன்?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"என் காயினும் போச்சுல! எவனோ ஹேக் பண்ணிட்டான்!"

அவன் என் முதுகைத் தட்டினான். "அழாதல. ஒன் வீட்டையும் சேத்து மறுபடி கட்டுவோம்" என்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். குடித்தேன்! ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்!

நெருள்காரனுக்கு நான் யாரோ. ஏமாற்றினான். இசக்கிக்கு நானும் யாரோவா? இரண்டில் எது துரோகம், நீங்களே சொல்லுங்கள்... வேண்டாம், சொல்லாதீர்கள்.

மறுபடி அவன் கட்டவில்லை. இரண்டு வருடமாக எந்த விளையாட்டும் ஆடுவதில்லை. சாப்பாட்டு நேரத்தில் பட்டறை வாசலில் சும்மா உட்கார்ந்திருக்கிறான். நான் போய்க் கிண்டலடித்தால் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

இதுவரை எழுதியதை இன்று மதியம் அவனுக்கு அனுப்பிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவன் குரலில் பதில் வந்தது.

"ஏலே, எனக்குத் தமிழ் வாசிக்க வராதுன்னு ஒனக்குத் தெரியும்லா, என்னன்னு நேர்ல வந்து வாயால சொல்லு."