கழிப்பறைக் கதவில் ஒரு வெள்ளி பக்கிள்

வெர்ன் டோலஃப்சன் ஒரு பைப்பை முறுக்கிவிட்டால் யெல்லோஸ்டோன் ஆறே ஓட்டத்தை நிறுத்தி, "அண்ணே, இந்தப் பக்கம் போகலாமா?" என்று கேட்கும். அவர் சுருக்குக்கயிறு வீசினால் வானத்து மேகம்கூடப் பின்னங்காலை மடக்கிப் படுத்துவிடும். கிளென்டைவ் ஊரில் இதை நம்பாதவர்கள் இரண்டே பேர். ஒன்று, அவர் மனைவி மேவிஸ். இன்னொன்று, வெர்ன். மகள் டார்லாவுக்கு மட்டும் சந்தேகமே கிடையாது. இந்தப் புளுகைக் கட்டிவிட்டதே அவள்தானே.

பதினெட்டு வயதில் பைப் ஃபிட்டர் யூனியனில் சேர்ந்தவர் வெர்ன். வாரம் முழுக்க மின் நிலையத்தில் நீராவிக் குழாய், ஞாயிறு வந்தால் குதிரையேறிக் காளை பிடிக்கிற ரோடியோ. கல்யாணம்கூட மைதானத்து வேலியோரம்தான். "பாதிரியார் ஆமென் சொல்றதுக்குள்ள இவர் பேரைக் கூப்பிட்டுட்டாங்க. மோதிரத்தை என் கையில திணிச்சிட்டு ஓடிட்டார் மனுஷன். நானேதான் போட்டுக்கிட்டேன்" என்று மேவிஸ் இன்றைக்கும் பீன்ஸ் கிண்டிக்கொண்டே சொல்லுவாள். "ஜெயிச்சேன்ல?" என்பார் வெர்ன், தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

அவர் ஆட்டம் இரட்டைக் கயிறு. ஓடுகிற காளையின் கொம்புக்கு ஒருவன் சுருக்குப் போட்டு இழுக்க வேண்டும், பின்னங்கால் இரண்டையும் இன்னொருவன் பிடிக்க வேண்டும். வெர்ன் கால்காரர். கொம்புக்காரன் ஓரின் ஸ்டக்கி. அதே யூனியன், அதே குழாய், சாப்பாட்டு டப்பாவில்கூடப் பாதிப் பாதி.

பிறகு ஸ்டிரைக் வந்தது. மொன்டானா குளிரில் பீப்பாயில் விறகு எரித்துக்கொண்டு எல்லோரும் மின் நிலைய வாசலை மறித்து நின்றார்கள். ஒருநாள் காலை கம்பெனி வேன் அவர்களைக் கடந்து உள்ளே போனது. ஜன்னலோரம் தொப்பியை மூக்குவரை இறக்கிவிட்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். அந்தத் தொப்பியை வாங்கிக் கொடுத்ததே வெர்ன்தான்.

கருங்காலி.

அந்த மாசமே வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்று வெர்ன் தன் குதிரை பிஸ்கட்டை ஒரு தரகனிடம் விற்றார். டார்லா அதன் வாலைப் பிடித்துத்தான் நடக்கப் பழகியிருந்தாள். வசந்தத்தில் ஸ்டிரைக் முடிந்து, முதல் ரோடியோவுக்குப் போனால், பிஸ்கட்மேல் ஸ்டக்கி உட்கார்ந்திருக்கிறான். அதற்கப்புறம் அவனிடம் வெர்ன் ஒரு வார்த்தை பேசியதில்லை. டார்லாவோ அன்றிலிருந்து ஸ்டக்கியின் டிரக் கைப்பிடியில் பன்றிக்கொழுப்பு, சீட்டில் முள்ளம்பன்றி முள் என்று தன்னால் ஆன மரியாதையைச் செய்துவந்தாள். ஏழு வயதில் ஆரம்பித்த பழக்கம், பதினாறிலும் விடவில்லை. அதெல்லாம் கொசுக்கடிப் பழிதான் என்று அவளுக்கே தெரியும். ஊர் பார்க்க அவன் மண்ணைக் கவ்வ வேண்டும்.

இந்தக் கோடையில் அதற்கு வழி கிடைத்தது. அறுவடைப் பந்தயத்தில் ஜோடியை ஆட்டக்காரர்கள் தேர்ந்தெடுக்க முடியாது. கொம்புக்காரனை வரிசையாகக் கூப்பிடுவார்கள், அவனுக்கான கால்காரன் பெயர் தொப்பிக்குள்ளிருந்து சீட்டாக வரும். பெயர் எழுதுவதும் எடுப்பதும் டார்லாவின் வேலை. அப்பாவின் பெயரை எழுதிய அட்டைச் சீட்டை மட்டும் சோடா டம்ளரின் ஐஸுக்குள் நன்றாக அமுக்கி வைத்திருந்து, கடைசியாகத் தொப்பியில் போட்டாள்.

"ஓரின் ஸ்டக்கி!" என்று கூவினார் அறிவிப்பாளர்.

டார்லா கண்ணை மூடிக்கொண்டு விரலால் துழாவினாள். சில்லென்று ஒன்று தட்டியது.

"வெர்ன் டோலஃப்சன்."

யூனியன்காரர்கள் இருந்த பெஞ்சில் ஒருவன் மென்றுகொண்டிருந்த புகையிலையை விழுங்கியே விட்டான். வெர்ன் நடந்து வந்து சீட்டை வாங்கினார். வழக்கப்படி தொப்பிப் பட்டியில் செருகிக்கொண்டார்.

வேலியோரம் டார்லா அவர் சட்டையை இழுத்தாள். "அப்பா, கயிறைக் கொஞ்சம் தள்ளி வீசு. போதும். இந்த வருஷம் பரிசு பெல்ட் பக்கிள் தனக்குத்தான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறான். நாறிப்போவான்."

"வேலையைக் கெடுக்கறது கருங்காலி புத்தி. எனக்கெதுக்குடி அது?"

கதவு திறந்தது. காளை சீறியது. ஸ்டக்கி கொம்பைப் பிடித்து இடப்பக்கம் இழுத்தான். வெர்னின் கயிறு தரையோடு தாழ்ந்து போய், தாவுகிற இரண்டு காலையும் ஒன்றாகக் கவ்வியது. நேரத்தை நிறுத்தும் கொடி இறங்கியது. அன்றைக்கு அதைவிட வேகமாக யாரும் முடிக்கவில்லை. டார்லா வேலிக் கட்டையை எட்டி உதைத்தாள்.

ஸ்டக்கி குதிரையைப் பக்கத்தில் கொண்டுவந்து, பல்லைக் காட்டிக் கையை நீட்டினான். "பழைய கை மறக்கலடா, வெர்ன்!"

வெர்ன் கையை நீட்டினார். அது ஸ்டக்கியின் கையைத் தாண்டிப் போய் பிஸ்கட்டின் கழுத்தைத் தடவியது. கிழட்டுக் குதிரை அவர் முழங்கையில் மூக்கைத் தேய்த்தது. நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் ஸ்டக்கி அப்படியே உட்கார்ந்திருந்தான். பெஞ்சில் ஒருவன் கனைத்தான். அப்புறம் வரிசையாக எல்லோரும் குதிரை மாதிரிக் கனைத்தார்கள்.

ஜெயித்தவர்களுக்கு ஒரே அச்சில் வார்த்த இரண்டு வெள்ளி பக்கிள். ஆளுக்கு ஒன்று. வெர்ன் தன்னுடையதை வாங்கி, நேராக யூனியன் கட்டடத்துக்குப் போனார். ஆண்கள் கழிப்பறைக் கதவுக்கு ரொம்ப நாளாகவே கைப்பிடி கிடையாது. பக்கிளில் துளை போட்டு, அதையே கைப்பிடியாக வைத்து, இரண்டு போல்ட்டை குழாய்க்கு முறுக்குகிற முறுக்காக முறுக்கினார்.

மறுநாள் ஸ்டக்கி தன் பக்கிளை மாட்டிக்கொண்டு முடிவெட்டும் கடைக்குப் போனான். நாற்காலியில் இருந்தவன் அவன் இடுப்பைப் பார்த்துவிட்டு, "உள்ள ஆள் இருக்கா ஓரின்? அவசரம்" என்றான். கடையே உருண்டது. அதற்கப்புறம் அந்த பக்கிளை அவன் இடுப்பில் யாரும் பார்க்கவில்லை. ஒரே மாசத்தில் கடன்காரனுக்குப் பயந்தவன்போலப் பம்மிப் பம்மித்தான் ஊருக்குள் வந்தான்.

டார்லா சாப்பாட்டு மேசையில் அந்தக் கனைப்பை நூறாவது தடவையாக நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். மேவிஸ் சிரித்துச் சிரித்து இருமினாள். வெர்ன் தொப்பியைக் கழற்றி, பட்டியிலிருந்து சீட்டை உருவி டார்லாவின் தட்டருகே வைத்தார்.

"உன் கையெழுத்துதானே?"

"ஆமாம்ப்பா. ஏன்?"

"மத்தவங்க சீட்டையும் பார்த்தேன். எல்லார் பேரும் நல்லாத்தான் இருக்கு." சோடாக் கறை படிந்து, மை கரைந்து வழிந்திருந்த எழுத்தின்மேல் விரலை வைத்தார். "என் பேரு மட்டும் எதுக்குடி அழுதிருக்கு?"