முகூர்த்த ஷாட்டில் நடந்த கல்யாணம்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நிச்சயதார்த்தம். வாயில் போட்ட கேசரிபாத் அப்படியே தொண்டையில் நின்றுவிட்டது. காரணம், மேல்கோட்டையிலிருந்து வந்திருந்த வாத்யார். மாப்பிள்ளையை உற்றுப் பார்த்தவர், பஞ்சாங்கத்தைக் கீழே வைத்தார்.

"இந்தப் பிள்ளைக்கு நான் ஏற்கெனவே விவாகம் பண்ணி வெச்சாச்சே!"

பெண்ணின் அப்பா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பெண் வசுதா எழுந்து நின்றாள். மாப்பிள்ளை முரளி என்னைப் பார்த்தான். எல்லோரும் அவன் பார்த்த திசையில் பார்த்தார்கள்... அங்கே நான், கையில் ஸ்பூனோடு.

விஷயம் இதுதான். சில வருஷங்களுக்கு முன் டிவிக்காக ஒரு விஞ்ஞானத் தொடர் எழுதினேன். சனிக் கிரகத்துக்குப் போகும் விண்கலம், பதிமூன்று எபிசோடு. முரளிதான் கேப்டனாக நடித்தான். தயாரிப்பாளருக்கு விண்வெளியில் ஆட்சேபணை இல்லை. ஆனால் பூஜை போட்டு எடுக்கிற முதல் ஷாட் மங்களகரமாக இருக்க வேண்டாமா? "கல்யாணம் வைங்க சார்" என்றார்.

வைத்தேன். சனியைச் சுற்றியபடியே கேப்டனுக்கும் கப்பல் டாக்டரம்மாவுக்கும் கல்யாணம். மண்டி மொஹல்லாவில் ஒரு காலி அரிசி குடோனில் செட். மானேஜர் நிஜ வாத்யாரையே பிடித்து வந்தார் — இது ஷூட்டிங் என்று அவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாளே தொடர் கைவிடப்பட்டது. ஸ்பான்சர் ஊதுபத்தி கம்பெனி. விண்கலத்தில் ஊதுபத்தி கொளுத்தக் கூடாது என்று அவர்களிடம் யாரோ சொல்லிவிட்டார்களாம். ஹோமமே வளர்த்துவிட்டோமே என்று வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை.

எழுதியவன் ஒரு கதையை மறந்துவிடலாம். அதில் மந்திரம் சொன்னவர் மறப்பாரா?

"ஸ்வாமி, அது டிவி சீரியல்" என்றான் முரளி.

"நேக்கு யாரும் சொல்லலையே! எல்லாரும் வெள்ளி கலர்ல டிரஸ் போட்டுண்டிருந்தா. தீம் கல்யாணம்னு இப்போ பண்றாளே, அதுன்னு நெனச்சேன்."

நான் துணிந்து நுழைந்தேன். "அந்தக் கல்யாணம் நடந்தது சனிக் கிரகத்துப் பக்கம், ஸ்வாமி. பூமியில் செல்லாது."

"ஓய், சங்கல்பத்துல நான் சொன்னது பாரத வர்ஷம். உட்கார்ந்திருந்தது மண்டி மொஹல்லா."

முரளியின் அம்மா சமாதானம் பேசினார். "டாக்டரம்மாவா நடிச்ச பொண்ணு கல்யாணமாகி ஷிவமொக்காவுல இருக்கா. கொழந்தைகூட இருக்கு."

வாத்யார் காதைப் பொத்திக்கொண்டார். "இன்னொரு விவாகமா? எவன் பண்ணி வெச்சான்?"

"தாம்பூலத் தட்டெல்லாம் உள்ளே எடுத்துண்டு போங்கோ" என்றார் பெண்ணின் அப்பா. முரளியின் முகம் செத்துவிட்டது. ஒரே ஆபீசில் சேர்ந்து வேலை பார்க்கிற அவனும் வசுதாவும், இந்த மனிதரைச் சம்மதிக்க வைக்கவே படாத பாடு பட்டிருந்தார்கள்.

பழத்தட்டு ஒன்று நகர ஆரம்பித்தது. வசுதா அதன் மேல் கை வைத்து நிறுத்தினாள்.

"மாமா, ஸப்தபதி ஆச்சா?"

"மந்த்ரம் சொன்னேனே."

"மந்த்ரம் சரி. ரெண்டு பேரும் ஏழடி நடந்தாளா?"

வாத்யார் கண்ணை மூடி யோசித்தார். "நடக்கலை..." என்றார் மெதுவாக. "தாலி கட்டின கையோட மேலே போயிட்டா."

"மேலேன்னா?"

"உத்தரத்துக்கு! கயித்துல தொங்கிண்டிருந்தா. நான் அண்ணாந்து பார்த்துண்டே மிச்சத்தைச் சொன்னேன்."

எல்லோரும் மறுபடி என்னைப் பார்த்தார்கள்.

"தாலி ஏறியதும் கப்பலில் ஈர்ப்பு விசை போய்விடும்... அதுதான் முதல் எபிசோடில் சஸ்பென்ஸ்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"கால் தரையில படவே இல்லை" — வாத்யார் தீர்ப்புச் சொன்னார். "ஏழடி நடக்காம விவாகம் பூர்த்தியாகாது. தட்டைக் கொண்டாங்கோ!"

வசுதா முரளி பக்கம் சாய்ந்து, "நம்ம கல்யாணத்துல ஒழுங்கா நட. கொத்தாய்த்தா, புரிஞ்சுதா?" என்றாள். அவன் வேகமாகத் தலையாட்டினான்.

பதிமூன்று எபிசோடு எழுதினேன். விஞ்ஞானம் உருப்படியாக வேலை செய்தது அந்த ஒரே இடத்தில்தான்.