மலையிலிருந்து வந்த கேசட்

எழுபத்தொன்றாம் வருட யுத்தம் முடிந்து, பட்டாளம் என்னை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, தோஹாவில் ஒரு கட்டடக் கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்தேன். வலது காலில் விரல் ஒன்றுகூடக் கிடையாது. நான் முன்கோபக்காரன் என்பதால் கேம்பில் யாரும் காரணம் கேட்கவில்லை. சர்க்கரை வியாதி என்று அவர்களாகவே முடிவுகட்டி, என் டீயில் சர்க்கரை போடுவதை நிறுத்திவிட்டார்கள்! நானும் விளக்கவில்லை. அந்த வெயிலில் நின்றுகொண்டு, பனியில் விரல் போச்சு என்றால் எவன் நம்புவான்?

ரூமுக்குப் புதிதாக வந்த பாகிஸ்தான்காரர் ஒருவர் மட்டும், நான் ஷூவைக் கழற்றியதும் காலையே உற்றுப் பார்த்தார். கிரேன் டிரைவர், வடக்கே மலைப்பகுதி ஊர்.

“பனிதானே, பாய்? எந்த மலை?” என்று இந்தியில் கேட்டார்.

கார்கில் பக்கம் என்றேன். அவர் முகம் செத்துவிட்டது. அவருடைய தம்பி அங்கே எங்களுக்கு எதிரே நின்று சண்டை போட்டவன். திரும்பி வரவில்லை, உடலும் வரவில்லை. மகன் இந்தியாவில் சிறையில்தான் இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டு, இறந்தவர்களுக்கு ஓதும் ஃபாத்திஹாவை ஓதவிடாமல் இருக்கிறாளாம் அம்மா. தினமும் அவனுக்கும் சேர்த்தே ரொட்டி சுடுகிறாளாம்.

“மேலே விழுந்த எங்க ஆளுங்களை என்ன செஞ்சீங்க? உண்மையைச் சொல்லுங்க, பாய்.”

சொன்னேன். பட்டாளத்தில் நான் நர்சிங் அசிஸ்டெண்ட்; பிணம் எடுத்தவர்களில் நானும் ஒருவன். நாலடி நடந்தால் மூச்சு முட்டும் உயரம். என் விரல்களும் அங்கேதான் போயின. காயப்பட்டு, குளிரில் உறைந்துபோனவர்கள் பாறையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தார்கள். ஒருவர் கைகளை அக்குளில் செருகியிருந்தார். எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. விறகுக்கட்டை மாதிரி இருந்தது. தரையில் கடப்பாரையும் இறங்கவில்லை. அதனால் கல்லை அடுக்கி, உட்கார்ந்தபடியே மூடினோம். எங்களுக்குச் சுமை தூக்கி வந்த முஸ்லிம் ஒருவர், என்னையும் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொருவரையும் மெக்கா இருக்கும் மேற்கே பார்க்கத் திருப்பி வைத்து ஓதினார். அதில் இவர் தம்பி இருந்தானா, சத்தியமாகத் தெரியாது. அதையும் சொன்னேன்.

அப்போதெல்லாம் நாங்கள் கடிதத்துக்குப் பதிலாக கேசட்டில் பேசி, லீவில் போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவோம். அவர் டேப்ரெக்கார்டரை என் முன்னால் வைத்தார்.

“அம்மாவுக்கு நீங்களே சொல்லுங்க.”

பெற்றவளிடம் இதை எப்படிச் சொல்வது? நான் ஒவ்வொரு வரியாக இந்தியில் சொல்ல, அவர் தங்கள் மொழியில் திருப்பிச் சொன்னார். உட்கார்ந்தபடியே மூடினோம் என்ற இடத்தில் மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். மெஷினை நிறுத்தியதும் என் கையைப் பிடித்தார்.

“படுக்க வெச்சீங்கன்னு மாத்திச் சொல்லிட்டேன், பாய். மன்னிச்சிடுங்க.”

மன்னிக்க என்ன இருக்கிறது? நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

வெகுநாள் கழித்துப் பதில் கேசட் வந்தது. ஒரு கிழவியின் குரல். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அழுதுகொண்டே அவர்தான் சொன்னார்.

“அம்மா சொல்றா, ‘நானும் மலைக்காரிதான்டா, என்கிட்டயே கதை விடுறியா? பனியில செத்தவன் எங்கடா நேரா படுப்பான்? உட்கார வெச்சுத்தான் மூடியிருப்பாங்க. பரவாயில்லை. ஃபாத்திஹா ஓதியாச்சு, ரொட்டியும் ஒண்ணு குறைச்சாச்சு. அந்தக் குளிர்ல என் பிள்ளையைத் தொட்டுத் திருப்பின கை நல்லா இருக்கணும்’னு.”

அது அவள் பிள்ளைதானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் கோபத்தில் யார்மீதாவது கையை ஓங்கும்போதெல்லாம், அந்தத் தாய் வாழ்த்திய கையல்லவா இது என்று தானாகவே கீழே இறங்கிவிடுகிறது.